மலைமேல் தானியங்கிப் பசுமைக்குடில்: சமவெளிக் கணக்கை அப்படியே ஏற்றாதீர்கள்

உதகையைச் சுற்றியும் கோத்தகிரிப் பக்கமும் கார்னேஷன் பூ, குடைமிளகாய் போட்டிருக்கும் பசுமைக்குடில்களில், வேலைகளைத் தானாக இயக்கும் கன்ட்ரோலர் பெட்டி வைப்பதை நான் மனதார வரவேற்கிறேன். வேலைக்கு ஆள் கிடைக்காத ஊரில் பக்கத் திரையை ஏற்றி இறக்கவும், நேரத்துக்கு உரநீர் விடவும் ஒரு கருவி இருப்பது பெரிய ஆறுதல். ஆனால் பெட்டி பழுதாகிப் பயிர் போனதைவிட, பெட்டி ஒழுங்காக ஓடியும் பயிர் போனதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதில் போட்டிருக்கும் எண்கள் சமவெளிக்குச் சரியான எண்கள். உதகையோ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். இதைப் பெட்டிக்கு யாரும் சொல்வதில்லை.

முதல் தவறு, வெப்பநிலை அளக்கும் சென்சாரை மாட்டும் இடத்தில் நடக்கிறது. பொருத்த வருகிறவர் தன் கண் உயரத்தில், கதவை ஒட்டிய தூணில் மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். சமவெளியில் அதனால் பெரிய நஷ்டம் வராது. மலையில் தை மாதத்து இரவு வேறு. மேகமில்லாமல், காற்றும் அசையாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. சாதாரணப் பாலிதீன் தாள் அந்த வெப்பக் கதிரைப் பெரிதாகத் தடுப்பதில்லை. குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். உதகைப் பக்கத்துத் தலைக்குந்தாவிலும் காந்தலிலும் விடியும்போது புல்வெளி உறைபனியில் வெள்ளை பூத்துக் கிடப்பது இதனால்தான். குடிலுக்குள்ளும் சிறிய அளவில் இதே கதை நடக்கிறது.

ஒரு தோட்டத்தில் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் போய் நின்றேன். பெட்டியின் திரையில் 4.2 டிகிரி. குடிலின் தாழ்ந்த மூலையில், பாத்தி மட்டத்தில் சாதாரண வெப்பமானி ஒன்றைக் கட்டி வைத்தேன். பத்து நிமிடத்தில் 0.8 காட்டியது. தோட்டக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, 3 டிகிரிக்கு மணி அடிக்க வேண்டும் என்றுதானே வைத்தோம்? ராத்திரி முழுக்க அடிக்கவே இல்லையே" என்றார். மணி மேல் குற்றமில்லை. அது பார்த்த இடத்தில் குளிர் 3 டிகிரியைத் தொடவில்லை. அதற்குப் பிறகு வந்த பூக்களில் பாதிக்கு மேல் புல்லிவட்டம், அதாவது மொட்டைச் சுற்றிய பச்சை உறை, வெடித்துவிட்டது. அந்த வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொரு மொட்டுக்கும் ரப்பர் வளையம் மாட்டியதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. கார்னேஷனுக்குக் குளிரைவிடக் குளிரும் சூடும் மாறி மாறி ஏறி இறங்குவது இன்னும் கெடுதல்.

ஆகவே சென்சார் பயிரின் தலை மட்டத்தில் இருக்க வேண்டும். பயிர் வளர வளர அதையும் உயர்த்த வேண்டும். இன்னொன்றைத் தாழ்ந்த மூலையில் வையுங்கள், எச்சரிக்கை மணி அதன் பேச்சைக் கேட்கட்டும். இரண்டுக்கும் காற்றோட்டமுள்ள வெள்ளைக் கூடு கட்டாயம். மலை வெயில் கூர்மையானது, மெல்லிய காற்றோ சூட்டை மெதுவாகத்தான் எடுத்துச் செல்லும். வெயில் படும் சென்சார் பல டிகிரி கூட்டிச் சொல்லும். அதை நம்பிப் பெட்டி திரையைத் திறந்துவிடும்.

மெல்லிய காற்று வேறு வழிகளிலும் ஏமாற்றும். மின்விசிறி நிமிடத்துக்கு இத்தனை கனமீட்டர் இழுக்கும் என்று போட்டிருப்பது உண்மைதான். ஆனால் உதகையில் அதே கனமீட்டருக்குள் இருக்கும் காற்றின் எடை குறைவு. அதனால் அது வெளியே சுமந்து போகும் வெப்பமும் குறைவு. கடல்மட்டக் கணக்கைவிட ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல் காற்றோட்டம் தேவைப்படும். மோட்டார்களுக்குப் போடும் திறன் அளவு பொதுவாக 1,000 மீட்டர் உயரம் வரைக்குமானது. வேகத்தை மாற்றும் டிரைவ்களுக்கு அதற்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் சுமார் 1 சதவீதம் கழிக்கச் சொல்வார்கள். கடல்மட்டத் திறன் போதும் என்று கச்சிதமாக வாங்கினால், சித்திரை வெயிலில் பெட்டிக்குள் இருக்கும் டிரைவ் சூடேறி நின்றுவிடும்.

கரியமில வாயு அளக்கும் சென்சார் வைத்திருப்பவர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். அதை வெளியே மரத்தடிக்குக் கொண்டுபோய் வைத்து, பக்கத்தில் நின்று மூச்சு விடாமல் தள்ளி வந்துவிடுங்கள். வெளிக்காற்றில் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் காட்ட வேண்டியது 320 பக்கம் காட்டினால், அதற்கு உயரத் திருத்தம் கொடுக்கவில்லை என்று பொருள். அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் வகை, தன் குழாய்க்குள் இருக்கும் மூலக்கூறுகளைத்தான் எண்ணுகிறது. காற்று மெலிந்தால் எண்ணிக்கையும் மெலியும். பெரும்பாலான நல்ல கருவிகளில் உயரத்தை மீட்டரில் போட ஓர் இடம் இருக்கும். ஒரு நிமிட வேலை.

அடுத்து, திரை மோட்டார். மலையில் பத்து நிமிடம் வெயில், பத்து நிமிடம் மூடுபனி. 24 டிகிரிக்குத் திற, 23க்கு மூடு என்று வைத்தால் மோட்டார் நாள் முழுவதும் மூச்சு வாங்கும், கயிறு தேயும், பயிருக்கும் நிம்மதியில்லை. திறப்பதற்கும் மூடுவதற்கும் 3 டிகிரியாவது இடைவெளி விடுங்கள். ஒரு முறை அசைந்தால் பதினைந்து நிமிடம் அசையாமல் இருக்கச் சொல்லுங்கள்.

கடிகாரத்தை மட்டும் நம்பித் தண்ணீர் விடுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. காலை எட்டு, பதினொன்று, இரண்டு என்று டைமர் வைத்துவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் சூரியன் முகம் காட்டாது. இலை குடிக்காத தண்ணீர் வேரடியில் நிற்கிறது. வேரழுகல் வருகிறது, பியூசேரியம் என்ற பூஞ்சையால் வரும் வாடல் நோய் உள்ளே இருந்தால் அதற்கும் கொண்டாட்டம். மேலே தாளில் கோத்த துளிகள் மொட்டின் மேல் சொட்டச் சொட்ட, சாம்பல் பூசணம் பிடிக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டிக் கணக்கிட்டு, இத்தனை சேர்ந்ததும் ஒரு முறை விடு என்று சொல்லும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் மூடுபனி நாளுக்குத் தனி அட்டவணை வைத்து, காலையில் வானத்தைப் பார்த்து நீங்களே மாற்றுங்கள். ஈரம் வெளியேற, மூடுபனியானாலும் பகலில் கூரைத் திறப்பைக் கொஞ்சமாவது விட்டு வையுங்கள்.

மின்சாரம் போய் வருவது மலையில் வாடிக்கை. போவதைவிட வரும்போது கவனம் வேண்டும். உள்ளே பேட்டரி இல்லாத மலிவு டைமர், மின்சாரம் திரும்பியதும் மணி பன்னிரண்டு என்று நினைத்துத் தன் நாளைப் புதிதாகத் தொடங்கும். பிறகு அது காலை எட்டு மணித் தண்ணீரை இரவு பத்து மணிக்குக் குளிரில் விட்டுக்கொண்டிருக்கும். வாங்கும்போதே கடைக்காரர் முன்னால் பிளக்கைப் பிடுங்கி, கால் மணி நேரம் கழித்து மாட்டி, மணி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். எச்சரிக்கை செல்பேசிக்கு மட்டும் வருவதாக இருந்தால், பள்ளத்துத் தோட்டத்தில் சிக்னல் இல்லாத இரவுகளை எண்ணிப் பாருங்கள். படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே, பேட்டரியில் ஓடும் ஒரு சைரனைக் கம்பி இழுத்து மாட்டுங்கள். உறைபனி மாதங்களில் தினமும் மாலை ஒரு முறை அதை அடித்துப் பார்த்துவிட்டே படுங்கள்.