‘வாட் இஃப்’ பார்த்துவிட்டுப் பேச உட்காருவது எப்படி: பள்ளத்தூரில் நாங்கள் செய்யும் முறை

மார்வெலின் ‘வாட் இஃப்’ தொடரைத் தனியாகப் போனில் பார்ப்பவர்களுக்குப் பாதிதான் கிடைக்கிறது என்பது என் எண்ணம். மீதிப் பாதி, படம் முடிந்ததும் பக்கத்தில் இருப்பவர் வாயிலிருந்து வருகிறது. நமக்கு ஏற்கெனவே தெரிந்த சூப்பர் ஹீரோ கதையில் ஒரே ஓர் இடத்தை மாற்றிவிட்டு, அப்புறம் என்ன ஆகிறது என்று காட்டும் தொடர் அது. பார்த்தவுடன் “நானா இருந்தா அப்படி விட்டிருக்க மாட்டேன்” என்று யாராவது கிளம்பாமல் இருக்கவே முடியாது. ஆனால் அந்தப் பேச்சு பெரும்பாலும் “செம”, “மொக்கை” என்ற இரண்டு சொல்லோடு அடங்கிவிடுகிறது. அடங்காமல் பார்த்துக்கொள்ள நாங்கள் கையாளும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பள்ளத்தூர் காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள செட்டிநாட்டு ஊர். என் அப்பா பார்த்துக்கொள்ளும் பெரிய வீடு ஒன்று எங்கள் தெருவில் இருக்கிறது. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் முறையாகக் கேட்டு, சனிக்கிழமை சாயங்காலம் பட்டாலையை, அதாவது வீட்டின் பெரிய கூடத்தை, பயன்படுத்திக்கொள்கிறோம். தெருப் பிள்ளைகள், கல்லூரிக்குப் போகிற தம்பிகள், இரண்டு மூன்று பெரியவர்கள் வருவார்கள். உங்களிடம் இவ்வளவு பெரிய இடம் இல்லையென்றால் கவலை வேண்டாம், மொட்டை மாடியே போதும். பட்டாலையில் பார்ப்பவர்களுக்கு மட்டும் ஒரு முக்கியமான விஷயம்: சுவரில் டேப் ஒட்டாதீர்கள், ஆணி அடிக்காதீர்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி இழைத்த சுவர் அது. ஒரு முறை பெயர்ந்தால் அதே மாதிரி பூச ஆள் தேடி அலைய வேண்டும். இரண்டு தூணுக்கும் நடுவே கயிறு கட்டி, வெள்ளை எட்டு முழ வேட்டியைக் கிளிப் போட்டு மாட்டினால் நல்ல திரை. அந்த வழவழப்பான சுவரும் ஆத்தங்குடிக் கல் தரையும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். அதனால் தரை முழுக்க ஜமுக்காளம் விரித்து, ஸ்பீக்கரை உயரத்தில் வைக்காமல் ஆட்களுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். வளவு என்கிற நடு முற்றம் வழியாக வெளிச்சம் வரும், ஆகவே பொழுது சாய்ந்த பிறகு தொடங்குங்கள்.

தொடர் மொத்தம் மூன்று சீசன். 2021 ஆகஸ்டில் முதல் சீசன், 2023 டிசம்பரில் இரண்டாவது, 2024 டிசம்பரில் மூன்றாவது. 9, 9, 8 என்று மொத்தம் 26 பகுதிகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மணி நேரம். ஒரு சாயங்காலத்துக்கு ஒரு பகுதிதான். இரண்டு பார்க்கலாம் என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள், அசையாதீர்கள். இரண்டாவதைப் போட்டதும் முதலாவதைப் பற்றிப் பேச ஒன்றும் மிஞ்சாது.

போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான் இந்த முறையிலேயே உயிரான வேலை. மூலக் கதையை இரண்டு நிமிடத்தில் ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். மாறியது எது என்று தெரிய, மாறாதது எது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? மார்வெல் படங்களை வரிசையாகப் பார்த்த ஆளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அவர் கிளைக்கதைக்குள் போய்விடுவார். ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளையிடம் கொடுங்கள். டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் பகுதிக்கு எங்கள் தெருப் பெண் ஒருத்தி சொன்னது இவ்வளவுதான்: “அவர் பெரிய சர்ஜன். கார் விபத்துல கை போயிடுது. கையைச் சரிபண்ணப் போன இடத்துல மந்திரம் கத்துக்கிறார்.” அதற்கு மேல் ஒரு சொல் தேவைப்படவில்லை. ஜமுக்காளத்தில் சாய்ந்திருந்த ஆச்சிக்கும் புரிந்தது, பின்னால் நின்ற என் அப்பாவுக்கும் புரிந்தது.

முதலில் எதைப் போடுவது? நான் முதல் சீசனின் இரண்டாவது பகுதியைத்தான் சொல்வேன். வகாண்டாவின் இளவரசன் டிசல்லா சிறுவனாக இருக்கும்போது விண்வெளிக் கொள்ளையர்கள் தூக்கிப் போய்விடுகிறார்கள். கொள்ளையர் தலைவன் யோண்டு தானே போகாமல் தன் ஆட்களை அனுப்புகிறான், அவர்கள் மூலக் கதையில் வரும் பீட்டர் குவில் என்ற பிள்ளைக்குப் பதிலாக இவனைத் தூக்கிவிடுகிறார்கள். அவ்வளவுதான் மாற்றம். அந்தப் பிள்ளை வளர்ந்து, மார்வெல் படங்களின் பெரிய வில்லன் தானோஸையே பேசி மனம் மாற்றிவிடுகிறான். டிசல்லாவுக்குக் குரல் கொடுத்தவர் சாட்விக் போஸ்மன். 2020 ஆகஸ்டில் அவர் இறந்துபோனார். இந்தக் குரல் அதற்குப் பிறகுதான் வெளிவந்தது, 2022இல் இதற்காக அவருக்கு எம்மி விருது கொடுத்தார்கள். இதைப் படம் முடிந்த பிறகு சொல்லுங்கள். முன்பே சொன்னால் எல்லோரும் துக்க முகத்தோடு பார்ப்பார்கள், அந்தப் பகுதியின் சந்தோஷம் போய்விடும்.

ஓடும்போது நடுவில் நிறுத்தக் கூடாது, விளக்கமும் கூடாது. முடிந்ததும் ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டும் பென்சிலும் கொடுங்கள். வாயைத் திறப்பதற்கு முன் எல்லோரும் இரண்டு கேள்விக்கு எழுத வேண்டும். கதை எந்த இடத்தில் பிரிந்தது? அதனால் யாருக்கு நட்டம்? எழுதத் தெரியாத சின்னப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுக்கலாம். எழுதிய பிறகுதான் பேச்சு. இல்லையென்றால் முதலில் சத்தமாகப் பேசியவரின் கருத்தே அறை முழுவதும் பரவிவிடும்.

முதல் கேள்வி எளிதாகத் தோன்றும், ஆனால் அதில்தான் நிறையப் பேர் தடுமாறுவார்கள். முதல் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மூலக் கதையில் ஸ்டீவ் ராஜர்ஸைக் கேப்டன் அமெரிக்கா ஆக்கும் மருந்தை, இங்கே அவனுக்குப் பதிலாகப் பெக்கி கார்ட்டர் ஏற்றிக்கொள்கிறாள். எங்கே பிரிந்தது என்று கேட்டால் பாதிப் பேர் “ஸ்டீவைச் சுட்ட இடம்” என்று எழுதியிருந்தார்கள். பின்னால் ஓட்டிக் காட்டினேன். சுடுவதற்கு முன்னாலேயே, மேல்மாடத்துக்குப் போகலாமே என்று சொல்லும்போது, அவள் போகாமல் கீழேயே இருக்கிறேன் என்கிறாள். அதுதான் இடம். துப்பாக்கியும் குண்டும் அதற்குப் பின்னால் வருகின்றன. இதை ஒரு தடவை கண்ணால் பார்த்த பிள்ளைகள் அடுத்த வாரத்திலிருந்து சத்தமான காட்சிகளை விட்டுவிட்டுச் சின்ன வசனங்களைக் கவனிக்கத் தொடங்கினார்கள். தோரின் அப்பா ஓடின், தான் வளர்க்க வேண்டிய குழந்தை லோக்கியை உறைபனி ராட்சதர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிற இடத்தை, தம்பி இல்லாமல் வளர்ந்த தோரின் ஆட்டம்பாட்டத்துக்கு நடுவிலும், அவர்கள் சரியாகப் பிடித்தார்கள்.

நான்காவது பகுதியை அவசரப்பட்டுப் போடாதீர்கள், கூட்டம் ஓரளவு பழகிய பிறகு போடுங்கள். இதில் விபத்தில் ஸ்ட்ரேஞ்சின் கைக்கு ஒன்றும் ஆகவில்லை, அவன் நேசித்த கிறிஸ்டின் இறந்துபோகிறாள். அவளைக் காப்பாற்றக் காலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். அவள் சாவு மாற்றவே முடியாத புள்ளி என்று அவனுடைய குருவே சொல்கிறாள். அவன் கேட்கவில்லை. கடைசியில் உலகமே கரைந்து, ஒரு கண்ணாடிக் குமிழுக்குள் அவன் மட்டும் மிஞ்சுகிறான். அத்தனையையும் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற வாட்சரிடம் கெஞ்சுகிறான், வாட்சர் கை கொடுக்க மறுக்கிறார்.

திரை இருண்டதும் யாரும் சீட்டை எடுக்கவில்லை. ஆச்சிதான் முதலில் கேட்டார்: “ஏத்தா, பாத்துக்கிட்டே இருக்கிறதுக்கு ஒரு ஆளா? ஒரு கை குடுத்தா என்ன கொறஞ்சு போகும்?” கல்லூரித் தம்பி ஒருவன் வாட்சர் பக்கம் நின்றான். தலையிட ஆரம்பித்தால் எந்த உலகத்தில் நிறுத்துவது என்றான். ஆச்சி விடவில்லை. “அடுத்த வீட்டுல சண்டைன்னா உள்ள போக யோசிக்கலாம். பிள்ளை கெணத்துல விழுந்தா யோசிப்பியா?” இந்தப் பேச்சு ஓடிய நேரம் படத்தைவிட நீளம். இந்த மாதிரி சமயத்தில் நடத்துபவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பின்னால் வருவதைச் சொல்லாமல் இருப்பது. எட்டாவது, ஒன்பதாவது பகுதிகளில் வாட்சருக்கு இதே கேள்வி தலைக்கு மேல் வந்து நிற்கிறது. ஆச்சியின் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து, ஒன்பதாவது முடிந்த அன்று வாசித்துக் காட்டினேன். கை தட்டல் ஆச்சிக்குத்தான்.

ஐந்தாவது பகுதி ஜோம்பிக் கதை. சின்னப் பிள்ளைகள் இருந்தால் தாண்டிவிடுங்கள்.

குறை சொல்கிறவர்கள் வருவார்கள், வரட்டும். அயர்ன் மேனுக்கு ராபர்ட் டவ்னி ஜூனியர் குரல் இல்லையே, கேப்டன் அமெரிக்காவுக்குக் கிறிஸ் எவன்ஸ் குரல் இல்லையே என்பார்கள். உண்மைதான், அவர்களுக்கு வேறு ஆட்கள்தான் பேசியிருக்கிறார்கள். அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள் என்பதும் நியாயமான குறை, மூன்றாவது பகுதியில் கொலைகாரன் யார் என்று தெரிந்தவுடன் முடிந்துவிட்டது போலத்தான் எனக்கும் இருந்தது. ஆனால் ஒரு விதி வையுங்கள்: குறையோ பாராட்டோ, எந்தக் காட்சி என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். “மூணாவது சீசன் வேஸ்ட்டுக்கா” என்றவனிடம் எந்தக் காட்சி என்று கேட்டேன். யோசித்துவிட்டு, அகத்தா ஹாலிவுட்டுக்குப் போகிற பகுதியில் ஆட்டம் மட்டும் நன்றாக இருந்தது என்று ஒத்துக்கொண்டான். என்னைக் கேட்டால் மூன்றாவது சீசன் முதல் சீசன் அளவுக்கு இல்லை, ஆட்களை மாற்றுவதில் இருந்த அக்கறை காரணத்தை மாற்றுவதில் இல்லை.

இரண்டாவது சீசனில் ஆறாவது பகுதியை மட்டும் கட்டாயம் போடுங்கள். கஹோரி என்ற, வட அமெரிக்கப் பழங்குடியான மோஹாக் இனத்துப் பெண்ணின் கதை, வசனம் பெரும்பாலும் மோஹாக் மொழியிலேயே வருகிறது. மார்வெல் படங்களில் முன்பு வராத புதுப் பாத்திரம் என்பதால், எல்லாம் தெரிந்த ரசிகரும் ஒன்றும் தெரியாத ஆச்சியும் அன்றைக்கு ஒரே வரிசை. மூலக் கதை சொல்லும் வேலையும் மிச்சம். ஸ்பானியர்கள் வருகிற இடத்தில் எங்கள் பட்டாலையில் இருந்த அமைதியை நான் வேறு எந்தப் பகுதிக்கும் பார்த்ததில்லை.

நாலைந்து பகுதி ஆனதும் சொந்தக் கதைக்கு வாருங்கள். நம் ஊரில் ஒரே ஒன்றை மாற்ற வேண்டும். மாற்றம் சின்னதாக இருக்க வேண்டும், யாராவது ஓர் ஆள் எடுத்த முடிவாக இருக்க வேண்டும், அதிலிருந்து மூன்று விளைவாவது சொல்ல வேண்டும். “காரைக்குடியில் கடல் இருந்திருந்தா” என்பது செல்லாது. செல்லக்கூடியது ஒன்று சொல்கிறேன். 1947இல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டுக் கூட்டம். செல்வந்தர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் மேடையில் கேட்கிறார். அழகப்பச் செட்டியார் எழுந்து, நான் தொடங்குகிறேன் என்கிறார். அந்த ஆண்டே காரைக்குடியில் கல்லூரி வந்தது. அடுத்து 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார், 1948 ஜூலையில் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். சரி, அன்றைக்கு அவர் கூட்டத்துக்குப் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு பெண் எழுதினாள்: “எங்கம்மா டிகிரி படிச்சிருக்க மாட்டாங்க. அப்பாவைப் பார்த்திருக்க மாட்டாங்க. இந்தச் சீட்டை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.” மூன்று விளைவு, மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று வந்தது. இதைவிடச் சரியாக யாரும் எழுத முடியாது.

இன்னொருவன் 1942ஐ எடுத்துக்கொண்டான். ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழையவில்லையென்றால் எங்கள் ஊர்க்காரர்கள் கடையையும் நிலத்தையும் விட்டு வந்திருக்க மாட்டார்கள், பெரிய வீடெல்லாம் பூட்டிக் கிடக்காது என்றான். ஆனால் படையெடுப்பு ஓர் ஆளின் முடிவு இல்லையே என்று மற்ற பிள்ளைகளே தடுத்தார்கள். நாலு வீடு தள்ளி இருக்கும் ஐயாவின் அப்பா ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர். ஐயா அவனுக்கு ஒரு வழி சொன்னார்: “எங்கப்பச்சி கடைசிக் கப்பலுக்குப் போகாம கணக்கு முடிக்க ஒரு வாரம் தங்கினாக. அங்க வை உன் மாத்தத்தை.” பையன் மறுவாரம் முழுதாக எழுதிக்கொண்டு வந்தான்.

அந்த மாதிரிக் கதைகளை அடுத்த சனிக்கிழமை படத்துக்கு முன்னால் வாசிக்க வையுங்கள், வாராவாரம் ஒருவர் மட்டும். சீட்டுகளைப் பகுதி எண்ணும் தேதியும் போட்டு ஒரு நூலில் கோத்து வையுங்கள், புதிதாக வருபவர்களுக்கு முதலில் அதைக் கையில் கொடுக்கலாம்.