ஐம்பதுகளின் இங்கிலாந்து சென்டர் ஃபார்வர்ட்: கோல் கணக்கைத் தொகுப்பது எப்படி?

ஐம்பதுகளின் இங்கிலாந்துக் கால்பந்தில் சென்டர் ஃபார்வர்டாக, அதாவது நடு முன்கள வீரராக, ஆடிய நாட் லாஃப்ட்ஹவுஸ் எத்தனை கோல் அடித்தார் என்று தேடினால் ஓரிடத்தில் 255 என்றிருக்கும், இன்னோரிடத்தில் 285 என்றிருக்கும். இரண்டும் சரிதான். முதலாவது 452 லீக் ஆட்டங்களில் அடித்தது. கோப்பை ஆட்டங்களையும் சேர்த்தால் 503 ஆட்டம், 285 கோல். இங்கிலாந்துக்காக 33 ஆட்டங்களில் அடித்த 30 கோல் இரண்டிலும் வராது, போர்க்காலத்தில் அடித்தவையும் வராது. இத்தனைக்கும் அவர் கடைசி வரை போல்டன் வாண்டரர்ஸ் என்ற ஒரே கிளப்பில் இருந்தவர். நாலைந்து கிளப் மாறியவரின் கணக்கு எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் மொத்த எண்ணிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஆட்டத்துக்கு ஒரு வரி என்று ஒரு ஷீட் போடுங்கள். தேதி, எதிரணி, சொந்த மைதானமா வெளியூரா, எந்தப் போட்டி, ஸ்கோர், சட்டை எண், கோல், அதில் பெனால்டி எத்தனை, தகவல் எங்கே கிடைத்தது. இதில் ‘எந்தப் போட்டி’ என்ற கட்டம்தான் உயிர். லீக், எஃப்.ஏ. (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம்) கோப்பை, லீக் கோப்பை, சர்வதேசம், பிற என ஐந்து வகை போதும். லீக் கோப்பை 1960-61 சீசனில்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆட்டம் ஒன்று அந்த வகையில் உட்கார்ந்திருந்தால் எங்கோ பிழை. சாரிட்டி ஷீல்டு, விளக்கொளியில் நடந்த நட்பு ஆட்டங்கள், ஃபுட்பால் லீக் சார்பில் ஒரு அணி சேர்த்து வேறு லீக்குகளின் அணிகளோடு ஆடியவை, எஃப்.ஏ. சுற்றுப்பயண ஆட்டங்கள் எல்லாம் ‘பிற’வுக்குப் போகும்.

ஒரு வசதி: லீக்கில் மாற்று ஆட்டக்காரர் வந்ததே 1965-66ல்தான். அதற்கு முன் ‘ஆடினார்’ என்றால் தொடக்கத்திலிருந்து ஆடினார் என்றுதான் பொருள். காயம்பட்டவரைக்கூட ஒப்புக்கு விங்கில், அதாவது மைதான ஓரத்தில், நிறுத்திவைப்பார்கள்.

போர்க்காலம்தான் பெரிய பொறி. 1939-40 லீக் சீசன் ஆகஸ்ட் 26 அன்று தொடங்கியது. செப்டம்பர் 3 அன்று போர் அறிவிக்கப்பட்டதும் நின்றுபோனது. நடந்து முடிந்த ஆட்டங்களும் பதிவிலிருந்து நீக்கப்பட்டன. எவர்ட்டனின் டாமி லாட்டன் அந்த சீசனில் மூன்றே ஆட்டங்களில் அடித்த 4 கோல் இன்று எந்த லீக் கணக்கிலும் இல்லை. அதன்பின் பிராந்திய லீக்குகள் நடந்தன. வீரர்கள் எங்கே பணியில் இருந்தார்களோ அந்த ஊர் கிளப்புக்கு விருந்தாளியாக ஆடினார்கள். 1940 கிறிஸ்துமஸ் அன்று லாட்டன் காலையில் எவர்ட்டனுக்கும் மாலையில் ட்ரான்மியர் ரோவர்ஸுக்கும் ஆடினார். ஒரே தேதியில் ஒருவருக்கு இரண்டு வரி வந்துவிட்டதே என்று ஒன்றை அழித்துவிடாதீர்கள்.

1945-46 இன்னும் வம்பு. லீக் அந்த ஆண்டும் பிராந்திய அளவில்தான் நடந்தது, அது கணக்கில் சேராது. எஃப்.ஏ. கோப்பை மட்டும் முறைப்படி நடந்தது. அரையிறுதிக்கு முந்தைய சுற்றுகளில் வழக்கத்துக்கு மாறாக இரண்டிரண்டு ஆட்டம் வைத்தார்கள். ஆகவே நியூகாசிலின் ஜாக்கி மில்பர்ன் 1946 ஜனவரியில் பார்ன்ஸ்லிக்கு எதிராகக் கோப்பையில் அடித்தவை சேரும், அதே மாதம் லீக்கில் அடித்திருந்தால் சேராது. மில்பர்னுக்கு 200 என்றும் 238 என்றும் இரண்டு எண் சுற்றுவது இதனால்தான். லீக்கில் 177, கோப்பையில் 23, ஆக 200. மீதி 38 போர்க்காலத்தவை. 2006ல் அதே கிளப்பின் ஆலன் ஷியரர் தாண்டியது 200ஐத்தான்.

போர் முடிந்து 1946-47 லீக் தொடங்கியபோது 1939-40க்குப் போட்ட அட்டவணையையே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதனால் செல்சி–போல்டன் இரண்டு சீசனிலும் முதல் நாள் ஆட்டம், அதே மைதானத்தில். பழைய பத்திரிகைத் தொகுப்பில் கிளப் பெயர்களை மட்டும் போட்டுத் தேடினால் தவறான ஆண்டு கையில் சிக்கும். லாஃப்ட்ஹவுஸின் லீக் அறிமுகம் 1946 ஆகஸ்ட் 31 அன்று நடந்த அந்தச் செல்சி ஆட்டம்தான்: போல்டன் 4-3 என்று தோற்றது, அவர் இரண்டு கோல். அவரது போர்க்கால அறிமுகம் 1941 மார்ச் 22, பரி என்ற கிளப்புக்கு எதிராக. அதிலும் இரண்டு கோல். 1950 நவம்பர் 22 அன்று யூகோஸ்லாவியாவுக்கு எதிராக இங்கிலாந்து அறிமுகம், அதிலும் இரண்டு! ‘அறிமுக ஆட்டத்தில் இரண்டு கோல்’ என்ற வரியை எங்கே பார்த்தாலும் எந்த அறிமுகம் என்று கேளுங்கள்.

கோலடித்தவர் பெயரைச் சனிக்கிழமை மாலைப் பத்திரிகையிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். ஆட்டம் நடக்கும்போதே தொலைபேசியில் சொல்லச் சொல்ல அச்சேறியவை அவை. முதல் பாதி விரிவாக இருக்கும், இரண்டாம் பாதி ஓரிரு வரியில் முடிந்துவிடும், பெயர்கள் மாறியிருக்கும். திங்கட்கிழமைப் பத்திரிகையோடு ஒப்பிடுங்கள். முடிந்தால் இரு அணிகளின் ஊர்ப் பத்திரிகைகளையும் பாருங்கள். மைதானத்தில் விற்ற ஆட்ட நிரலில் உள்ள அணிப் பட்டியல் முன்கூட்டியே அச்சடித்தது. யாரோ ரசிகர் பென்சிலால் திருத்தி வைத்திருந்தால் அந்தப் பிரதிக்குத்தான் மதிப்பு அதிகம். 25, 26 தேதிகளில் ஒரே எதிரணியோடு ஊர் மாறி ஊர் ஆடிய கிறிஸ்துமஸ் ஆட்டங்களில் கோல்கள் ஒரு நாளிலிருந்து மறுநாளுக்குத் தாவியிருக்கும்.

குடும்பப் பெயரும் ஏமாற்றும். 1949-50ல் ஜாக் ரவுலி மான்செஸ்டர் யுனைடெட்டில், தம்பி ஆர்தர் ரவுலி ஃபுல்ஹாமில். இருவரும் முதல் டிவிஷன் (லீக்கின் மேல் அடுக்கு), இருவரும் முன்களம். மில்பர்ன்களில் லீட்ஸுக்கு ஆடிய உறவினர்கள் சிலர் இருந்தார்கள். ஜாக்கியின் முதலெழுத்துகள் ஜே.இ.டி. என்று மூன்றும் இருந்தால் நம்பலாம், வெறும் ‘ஜே’ போதாது.

பாதியில் கைவிட்ட ஆட்டம் பொதுவாக முழுவதும் செல்லாது. 1961 ஜனவரியில் லூட்டனுக்கு எதிரான கோப்பை ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டிக்கு டெனிஸ் லா ஆறு கோல் அடித்தபின் மைதானம் தாங்காமல் ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஆறும் போயிற்று. மறுபடி ஆடியதில் லூட்டன் ஜெயித்தது. ‘பிற’ வகையில் போட்டு, குறிப்பு எழுதுங்கள்.

ஒரு சீசன் முடிந்ததும் சரிபார்க்க நல்ல வழி ஒன்று உண்டு. அந்தக் கிளப்பின் எல்லா வீரர்களின் லீக் கோல்களையும் எதிரணியின் செல்ஃப் கோல்களையும் கூட்டினால், புள்ளிப் பட்டியலில் ‘அடித்தது’ என்ற எண்ணிக்கை வர வேண்டும். எல்லா வீரர்களின் லீக் ஆட்டங்களையும் கூட்டினால் 42 ஆட்டம் × 11 பேர், அதாவது 462 வர வேண்டும். மூன்றாம் டிவிஷன் வடக்கு, தெற்கு இரண்டுக்கும் 1950-51 முதல் 46 ஆட்டம், எனவே 506. ஒன்று குறைந்தால் யாரோ ஒருவரின் ஒரே ஆட்டம் விடுபட்டிருக்கும், பெரும்பாலும் காயமடைந்தவருக்குப் பதில் வந்த ரிசர்வ் வீரருடையது.

சர்வதேசத்தில் இரண்டு எச்சரிக்கை. 1949-50, 1953-54ல் பிரிட்டனின் நான்கு அணிகள் தமக்குள் ஆடிய உள்நாட்டு சாம்பியன்ஷிப் ஆட்டங்களே உலகக் கோப்பைத் தகுதி ஆட்டங்களும். 1953 அக்டோபரில் வேல்ஸுக்கு எதிராக லாஃப்ட்ஹவுஸ் அடித்த இரண்டை இரு இடத்தில் எழுதிவிடாதீர்கள். அதே மாதம் வெம்பிளியில் ஐரோப்பியக் கலவை அணியோடு 4-4 என்று முடிந்த ஆட்டம் எதிரே ஒரு நாடு இல்லாவிட்டாலும் எஃப்.ஏ. கணக்கில் முழு சர்வதேச ஆட்டம்தான்.

ஒப்பிடும்போது டிவிஷனையும் எழுதுங்கள். பிரையன் க்ளஃப் 274 லீக் ஆட்டங்களில் 251, ஆனால் ஏறக்குறைய எல்லாமே இரண்டாம் டிவிஷன். லாஃப்ட்ஹவுஸின் 255ம் முதல் டிவிஷன். ஆர்தர் ரவுலியின் 619 ஆட்டம், 434 கோல் என்ற சாதனையில் பெரும்பகுதி முதல் டிவிஷனுக்குக் கீழே. கீழே இறங்கியவர் தேய்ந்துவிட்டார் என்றும் எழுதிவிடக் கூடாது. 1947 நவம்பரில் லாட்டன் 20,000 பவுண்டுக்கு மூன்றாம் டிவிஷன் நாட்ஸ் கவுண்டிக்குப் போனார். அங்கிருந்தும் இங்கிலாந்துக்கு ஆடினார். சம்பள உச்சவரம்பு எல்லா டிவிஷனுக்கும் ஒன்றாக இருந்த காலம் அது. 1961 ஜனவரியில் நீங்கும்போதுகூட வாரத்துக்கு 20 பவுண்டுதான்.

கடைசியில் பதிவை இப்படி எழுதலாம்: நாட் லாஃப்ட்ஹவுஸ், போல்டன் வாண்டரர்ஸ், 1946–60. லீக் 452 ஆட்டம், 255 கோல் (அனைத்தும் முதல் டிவிஷன்). கோப்பைகள் 51, 30. இங்கிலாந்து 33, 30. போர்க்கால ஆட்டங்கள் தனித் தாளில்.