ஆர்பிஎம் இறங்கவே இல்லையா? செஸ்னா 172எஸ்-இல் மேக்னெட்டோ சோதனை

செஸ்னா 172எஸ் என்ற சிறிய விமானத்தில் பேட்டரியின் மாஸ்டர் ஸ்விட்சை அணைத்தால் இன்ஜின் நின்றுவிடும் என்றுதான் பயிற்சியின் தொடக்கத்தில் நானும் நினைத்திருந்தேன். நிற்காது. பிளக்குக்குத் தீப்பொறி தருவது பேட்டரி இல்லை. இன்ஜினே சுழற்றும் இரண்டு மேக்னெட்டோக்கள், அதாவது தாமே மின்சாரம் உண்டாக்கும் சிறு கருவிகள். சிலிண்டர் நான்கு, ஒவ்வொன்றிலும் பிளக் இரண்டு, மேக்னெட்டோவுக்கு ஒன்று. ஒரு மேக்னெட்டோ வானத்தில் கைவிட்டாலும் இன்னொன்றை வைத்து இறங்கிவிடலாம். இரண்டுமே சரியாக இருக்கின்றனவா என்று தரையிலேயே பார்த்துக்கொள்வதுதான் இந்தச் சோதனை.

முதலில் விமானத்தைக் காற்றைப் பார்த்து நிறுத்துங்கள். பார்க்கிங் பிரேக் போடுங்கள். பின்னால் யாரும் இல்லையே என்று ஒரு பார்வை. புழுதி எல்லாம் அவர்கள் மேல்தான் போகும்.

அடுத்து, த்ராட்டிலை மெதுவாக 1800 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு 1800 சுற்று) ஏற்றுங்கள். ஆயில் பிரஷர் முள் பச்சையில் இருக்க வேண்டும்.

இப்போது சாவி. 'போத்'திலிருந்து (இரண்டும்) 'ஆர்' (வலது மட்டும்). சத்தம் லேசாகத் தணியும், ஆர்பிஎம் முள் கொஞ்சம் இறங்கும். ஒரே பிளக் எரிப்பதால் தீ ஒரு பக்கமிருந்தே பரவுகிறது, அதனால் வேகம் குறைகிறது. எவ்வளவு இறங்கியது என்று மனதில் குறித்துக்கொண்டு மீண்டும் 'போத்'. பிறகு 'எல்' (இடது மட்டும்), திரும்ப 'போத்'. எந்தப் பக்கமும் 150-க்கு மேல் இறங்கக் கூடாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 50-ஐத் தாண்டக் கூடாது.

சாவியைத் திருப்பும்போது கிளிக்குகளை எண்ணுங்கள். தவறி 'ஆஃப்'புக்குப் போய்விட்டால் பதறி உடனே திருப்பாதீர்கள். சைலன்சரில் சேர்ந்த பெட்ரோல் டமாரென்று வெடிக்கும். த்ராட்டிலைக் குறைத்து, மிக்ஸ்சரை (எரிபொருள் அளவை மாற்றும் குமிழ்) இழுத்து, இன்ஜின் நின்றபின் மறுபடி ஸ்டார்ட் செய்யலாம்.

அதிகமாக இறங்கி இன்ஜின் உதறினால் பெரும்பாலும் பிளக்கில் அழுக்குதான். பயிற்றுநரிடம் சொல்லுங்கள், மிக்ஸ்சரைக் குறைத்துச் சற்று ஓடவிட்டுச் சரிசெய்யும் முறையைக் காட்டுவார்.

முள் அசையவே இல்லை என்றால்? 'ஆகா, நல்ல இன்ஜின்' என்று கிளம்பிவிடாதீர்கள். மேக்னெட்டோவை அணைக்கும் கிரவுண்ட் வயர் அறுந்திருக்கலாம். அப்படியானால் சாவி உங்கள் சட்டைப்பையில் இருந்தாலும் அந்த மேக்னெட்டோ உயிரோடுதான் இருக்கிறது. யாராவது புரொப்பெல்லரைக் கையால் திருப்பினால் இன்ஜின் பற்றிக்கொள்ளக்கூடும். திரும்பி வந்து, மிக்ஸ்சரை இழுத்து நிறுத்தி, மெக்கானிக் வரும்வரை யாரையும் புரொப்பெல்லர் பக்கம் விடாதீர்கள்.