கார்லிஸ் உல்மானிஸ் பற்றி எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

லாட்வியாவையும் லிதுவேனியாவையும் குழப்புகிறவர்களுக்கு இது இல்லை. அதைத் தாண்டி வந்தவர்களும், லாட்வியாவின் பிரதமராகவும் பிறகு குடியரசுத் தலைவராகவும் இருந்த உல்மானிஸை எழுத உட்கார்ந்தால் அதே பள்ளங்களில்தான் விழுகிறார்கள்.

முதல் குடியரசுத் தலைவர் அவர் அல்ல

அது யானிஸ் சாக்ஸ்தே, 1922-ல். உல்மானிஸ் 1918-ல் அமைந்த தற்காலிக அரசின் பிரதமர்.

பதவிக்காலத்தை ஒரே கோடாக இழுக்காதீர்கள்

1919 ஏப்ரலில் லியேபாயாவில் ஜெர்மானியர் ஆதரவோடு அவர் அரசைக் கவிழ்த்தார்கள். பிரிட்டிஷ் கடற்படையின் பாதுகாப்பில், துறைமுகத்தில் நின்ற 'சராத்தோவ்' கப்பலே அவர் அரசின் புகலிடமானது. தலைநகர் ரிகாவுக்குத் திரும்பியது ஜூலையில். பிறகும் 1925, 1931, 1934 என விட்டுவிட்டுத்தான் பிரதமரானார்.

"1936-ல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்"

எத்தனை முறை திருத்தினாலும் திரும்ப முளைக்கும் வரி இது. தேர்ந்தெடுத்தது யார்? 1922 அரசியலமைப்பான சத்வெர்ஸ்மேயின்படி, 100 பேர் கொண்ட நாடாளுமன்றம் குறைந்தது 51 வாக்குகளால் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நாடாளுமன்றத்தை 1934 மே 15 இரவில் கலைத்தவரே உல்மானிஸ்தான். கட்சிகளும் தடைசெய்யப்பட்டன, அவருடைய விவசாயிகள் சங்கம் உட்பட. சட்டமியற்றும் அதிகாரம் அமைச்சரவையின் கைக்குப் போனது. அப்போதைய குடியரசுத் தலைவர் ஆல்பெர்ட்ஸ் க்வியேசிஸின் பதவிக்காலம் முடிந்ததும், அமைச்சரவை இயற்றிய சட்டத்தை வைத்து 1936 ஏப்ரல் 11-ல் பிரதமர் பதவியோடு அந்தப் பதவியையும் உல்மானிஸ் சேர்த்துக்கொண்டார். ஒருவர்கூட வாக்களிக்கவில்லை.

'தேர்ந்தெடுக்கப்பட்டார்' என்று எழுதிவிட்டால், அடுத்து வரும் 1940-ஐ விளக்கவே முடியாது. அந்த ஜூன் 17-ல் சோவியத் படை நுழைந்தபோது, எதிர்த்துத் தீர்மானம் போட நாடாளுமன்றம் என்று ஒன்று இல்லை. மாஸ்கோ அமர்த்திய அரசின் சட்டங்களுக்கு, ஜூலை 21 வரை தனி மனிதராகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஆகவே 'பதவியை ஏற்றுக்கொண்டார்' என்றுகூட மழுப்ப வேண்டாம். 'எடுத்துக்கொண்டார்' என்றே எழுதுங்கள்.

குண்டிஸ் உல்மானிஸ் மகன் அல்ல

உடன்பிறந்தவரின் பேரன். 1993-ல் நாடாளுமன்றம் முறைப்படி தேர்ந்தெடுத்த குடியரசுத் தலைவர். கார்லிஸ் மணம் செய்துகொள்ளவே இல்லை.

இறந்தது சைபீரியாவில் அல்ல

1942 செப்டம்பர் 20, காஸ்பியன் கடலோரத்து க்ராஸ்னோவோட்ஸ்க் சிறை. இன்றைய துர்க்மெனிஸ்தானின் துர்க்மென்பாஷி. கல்லறை எது என்று கண்டுபிடிக்கப்படவில்லை. 'அடக்கமான இடம்' என்ற கட்டத்தைக் காலியாக விடுங்கள்.