ராக் பாட்டில் வேதாகம வாடை அடித்தால்

ராக் பாட்டு வரியில் வேதாகமச் சாயல் தெரிந்தால், அச்சொற்களை 1611ஆம் ஆண்டின் கிங் ஜேம்ஸ் ஆங்கில மொழிபெயர்ப்பில் தேடுங்கள். பிறகு டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதி வீட்டு அலமாரியில் பாட்டி விட்டுப்போன தமிழ் வேதாகமத்தில் அந்த அதிகாரத்தை முழுவதும் படியுங்கள். ஆங்கிலப் பாடலாசிரியர்கள் பலரின் காதில் பதிந்தது கிங் ஜேம்ஸின் பழைய நடைதான். முழு அதிகாரம் படித்தால்தான் கவிஞர் எதை மாற்றினார் என்பது புலப்படும். கனடியப் பாடகர் லெனார்ட் கோஹனின் ‘அல்லேலூயா’வில் (1984) பெண் மாடியில் குளிக்கிறாள், 2 சாமுவேல் 11இல் உப்பரிகைமேல் உலாத்துபவன் தாவீது ராஜா. அடுத்து வரும் முடிவெட்டோ சிம்சோனுடையது, நியாயாதிபதிகள் 16. இருவரையும் ஒருவனாக்கிவிட்டார், என்ன துணிச்சல்!

ஜமைக்காவின் ரெக்கே பாட்டுக்கு இது போதாது. அங்கே பாபிலோன், சீயோன் என்பவற்றுக்கு ரஸ்தஃபாரியர் (அங்கே தோன்றிய சமய இயக்கத்தினர்) தரும் பொருளே முதன்மை.