வளர்ந்தபின் ஆட்டிசப் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ ஆட்டிசத்தைக் காட்டாது; மருத்துவர் தோண்டித் துருவுவது உங்கள் சிறுவயதை. ஆகவே சென்னை ஸ்டான்லி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகும்போது அம்மாவையோ அக்காவையோ அழைத்துச் செல்லுங்கள். தண்டையார்பேட்டையிலிருந்து என்னோடு வந்த அக்கா, மேளச் சத்தம் கேட்டதும் நான் கட்டிலுக்கடியில் ஒளிந்ததையும், பஸ் எண்களை வரிசையாக ஒப்பித்ததையும் சொன்னார். என்னைக் கேட்டிருந்தால், "எல்லாம் நன்றாகத்தான் இருந்தது" என்றிருப்பேன்.

பழைய ரிப்போர்ட் கார்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணைவிட ஆசிரியரின் குறிப்பே உதவும். மருத்துவர் தரும் அறிக்கையில் 'ஆஸ்பெர்ஜர்' என்ற, முன்பு தனியாகக் கணக்கிடப்பட்ட ஆட்டிச வகையின் பெயர் இல்லையென்று குழம்ப வேண்டாம்: 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்னும் அமெரிக்க மனநல நோயறிதல் கையேடு அதை ஆட்டிசத்துக்குள் சேர்த்துவிட்டது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் பற்றி மருத்துவமனையிலேயே கேளுங்கள்.

"கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும்" என்னும் சித்தப்பாவிடம் அறிக்கையைக் காட்ட வேண்டியதில்லை.