அணுகுண்டு வரலாறு படிக்கணுமா? புக் தேடற வழி இதான்

ஓப்பன்ஹைமர் படம் பார்த்துட்டு அணுகுண்டு பத்தி நல்ல புக் சொல்லுங்கன்னு கேக்கறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணுதான், முதல்ல ஒரே ஒரு பெரிய புக்க பிடிங்க, மீதிய அதுவே காட்டிக்கொடுக்கும். ரிச்சர்ட் ரோட்ஸ் எழுதின தி மேக்கிங் ஆஃப் தி அட்டாமிக் பாம், புலிட்சர் வாங்கினது, தலகாணி சைஸ். 1933ல லண்டன்ல லியோ சிலார்ட்ங்கற பிசிக்ஸ்காரருக்கு ரோடு கிராஸ் பண்றப்ப, ஒரு அணு உடைஞ்சு அடுத்தத உடைக்கற செயின் ரியாக்‌ஷன் ஐடியா வந்ததுல ஆரம்பிச்சு ரொம்ப நேரம் பிசிக்ஸ் கதையாவே ஓடும், போரடிக்குதுன்னு தள்ளிட்டுப் போயிடாதீங்க, சயின்ஸ் பூரா அங்கதான் இருக்கு. முடிச்சதும் பின்னாடி பிப்ளியோகிராஃபி, அதாவது அவரு பார்த்த புக்ஸ் லிஸ்ட் இருக்கற பக்கத்த போன்ல போட்டோ எடுத்துக்கோங்க. இதே மாதிரி ரெண்டு மூணு புக்ல திரும்பத் திரும்ப வர்ற புக் பேரு எதுவோ அதான் அடுத்து.

லைப்ரரியில தேடறீங்கன்னா ஒரே ரேக்ல நின்னுடாதீங்க. ட்யூயி நம்பர்ல (லைப்ரரியில சப்ஜெக்ட் வாரியா புக்குக்குப் போடற நம்பர்) அடுக்கியிருந்தா அணு இயற்பியல் 539.7ல, ஆயுதம் 623.4ல, ஹிரோஷிமா 940.54ல, இரண்டாம் உலகப்போர் பக்கம். மூணும் மூணு மூலையில கிடக்கும்.

காசு செலவு பண்ண வேணாம்னா குண்டு எப்படி உருவாச்சுன்னு சொல்ற ஸ்மைத் ரிப்போர்ட் (Smyth Report) இன்டர்நெட் ஆர்க்கைவ்ல ஃப்ரீ. நாகசாகி முடிஞ்ச மூணாவது நாளே, 1945 ஆகஸ்ட் 12, அமெரிக்க அரசாங்கமே வெளியிட்டது. ஆனா ஒரு விஷயம், ரகசியம்னு கெமிஸ்ட்ரி, இன்ஜினியரிங் சமாச்சாரத்த நிறைய வெட்டிட்டாங்க, அதனால அத மட்டும் படிச்சா ஏதோ பிசிக்ஸ்காரங்களே குண்டு செஞ்ச மாதிரி தெரியும். குண்டு செஞ்ச ரகசிய லேப் இருந்த லாஸ் அலமோஸ்ல புதுசா வந்தவங்களுக்கு 1943 ஏப்ரல்ல ராபர்ட் செர்பர்ங்கற பிசிக்ஸ்காரர் எடுத்த கிளாஸும் லாஸ் அலமோஸ் ப்ரைமர்னு புக்கா இருக்கு, 1992ல அவரே விளக்கம் சேர்த்துப் போட்ட எடிஷன வாங்குங்க, ப்ளஸ் டூ பிசிக்ஸ் மறந்துபோச்சுன்னா அந்த விளக்கம் இல்லாம தள்ளவே முடியாது.

உளவு கதை ஆசைன்னா வாங்கறதுக்கு முன்னாடி இன்டெக்ஸ்ல தியோடர் ஹால் பேரு இருக்கான்னு பாருங்க. லாஸ் அலமோஸ்ல இருந்து சோவியத்துக்கு ரகசியம் கொடுத்த சின்னப் பையன் அவரு, வெனோனா பேப்பர்ஸ் (அமெரிக்கா உடைச்சுப் படிச்ச சோவியத் உளவு சங்கேதச் செய்திங்க) 1995ல வெளிய வந்தப்புறம்தான் விஷயம் ஊருக்கே தெரிஞ்சுது. அவரு பேரே இல்லன்னா பழைய சரக்கு, அதே லேப்ல இருந்து ரகசியம் கொடுத்த இன்னொரு உளவாளி க்ளாஸ் ஃபுக்ஸ் வரைக்கும் சொல்லிட்டு கதைய முடிச்சிடும்.

நம்ம போக்ரான் கதைக்கு ஜார்ஜ் பெர்கோவிச்சோட இந்தியாஸ் நியூக்ளியர் பாம், 1999.

அப்புறம் குண்டு கீழ விழுந்த பக்கத்து கதை, ஜான் ஹெர்சியோட ஹிரோஷிமா, இத விட்டுட்டா மத்ததெல்லாம் படிச்சும் அரைகுறைதான். சின்ன புக்கு, உயிர் தப்பின ஆறு பேரு. 1946ல நியூயார்க்கர் ஒரு இதழ் முழுக்க இதையே போட்டாங்க. அந்த ஆறு பேரு அப்புறம் என்ன ஆனாங்கன்னு ஹெர்சி 1985ல ஒரு சாப்டர் சேர்த்தாரு, பழைய புக் கடையில எடுத்தா கடைசி சாப்டர் இருக்கான்னு புரட்டிப் பார்த்துட்டு காசு கொடுங்க.